சட்டம் கேக்கற இன்சூரன்ஸ் வேற, தொழிலுக்கு வேணுங்கற இன்சூரன்ஸ் வேற

புதுசா சின்னதா ஒரு தொழில் ஆரம்பிக்கறவங்க இன்சூரன்ஸ் பத்தி என்கிட்ட கேட்டா பெரும்பாலும் ஒரே மாதிரிதான் கேப்பாங்க, "எதெல்லாம் கட்டாயம்னு மட்டும் சொல்லுங்க, அத எடுத்துட்டு மத்தத அப்புறம் பாத்துக்கறேன்". தப்பான கேள்வி இல்ல, ஆரம்பத்துல நாலா பக்கமும் செலவு இழுக்கும், பிரீமியம் கட்டறது கண்ணுக்கு தெரியாத ஒண்ணுக்கு காசு குடுக்கற மாதிரிதான் தோணும். ஆனா அந்த கேள்விக்குள்ள ஒரு நினைப்பு இருக்கு, கட்டாயம்னு சொன்னா அது ரொம்ப முக்கியம், விருப்பம்னு சொன்னா அது சும்மா கூடுதலா எடுத்துக்கறது அப்படின்னு. நான் இந்த போஸ்ட் எழுதறதே அந்த நினைப்ப பத்திதான்.

சட்டப்படி எடுத்தே ஆகணும்னு இருக்கற இன்சூரன்ஸ் எல்லாத்தையும் வரிசையா வெச்சு பாருங்க. வேலை செய்யற ஆளுக்கு அடிபட்டா குடுக்கறது, உங்க வண்டி ரோட்டுல யாரையாவது இடிச்சா குடுக்கறது, ஆபத்தான பொருள் வெச்சிருந்து அக்கம்பக்கத்துல இருக்கறவங்களுக்கு ஏதாவது ஆனா குடுக்கறது. எல்லாமே அடுத்தவங்களுக்கு! உங்க கடை முழுசா எரிஞ்சு போனா, உங்க மெஷின் தண்ணியில மூழ்குனா, மூணு மாசம் வியாபாரம் இல்லாம உக்காந்திருந்தா, சட்டத்துக்கு அதப்பத்தி ஒரு கவலையும் கிடையாது, உங்க காசு உங்க ரிஸ்க்குன்னு விட்டுடும். அதனால கட்டாயமானத மட்டும் எடுத்துட்டு நிம்மதியா இருக்கறவர் ஊருக்கெல்லாம் பாதுகாப்பு பண்ணிட்டு தன்ன மட்டும் வெளிய விட்டவர்தான்.

முதல்ல கட்டாயத்த முடிச்சிடுவோம். இதுல பெருசு தொழிலாளர் இன்சூரன்ஸ். ஒரு காலத்துல வேலையில கை போச்சுன்னா அந்த தொழிலாளி கோர்ட்டுக்கு போய் முதலாளி மேலதான் தப்புன்னு நிரூபிக்கணும், வக்கீலுக்கு காசு குடுக்க முடியாதவன் எங்க போய் நிரூபிக்க. 1884ல ஜெர்மனியில பிஸ்மார்க் ஆட்சியில விபத்து இன்சூரன்ஸ் சட்டம் வந்துச்சு, பிரிட்டன்ல 1897ல நஷ்டஈடு சட்டம் வந்துச்சு, அப்புறம் மத்த நாடுகளும் ஒண்ணு ஒண்ணா இந்த வழிக்கு வந்தாங்க. இதுக்குள்ள இருக்கற கணக்கு எளிமையானது, யார் மேல தப்புன்னு கேக்காம தொழிலாளிக்கு மருத்துவ செலவும் போன சம்பளத்துல ஒரு பகுதியும் கிடைக்கும், நிரந்தரமா ஊனம் ஆனா அதுக்கு ஒரு தொகை, இறந்துட்டா குடும்பத்துக்கு ஒரு தொகை, பதிலுக்கு பல நாடுகள்ல முதலாளி மேல தனியா பெரிய கேஸ் போடற வழி அடைபடும் இல்லன்னா சுருங்கும். ரெண்டு பக்கமும் கொஞ்சம் விட்டுக்குடுத்த ஏற்பாடு.

விவரம் நாட்டுக்கு நாடு மாறும், இங்கதான் நெட்டுல படிச்சத நம்பி ஏமாறுவாங்க, ஏன்னா படிச்ச பக்கம் வேற நாட்டுக்காரருக்கு எழுதினதா இருக்கும். பிரிட்டன்ல 1969 சட்டப்படி ஒரே ஒரு ஆள் வேலைக்கு வெச்சாலும் பொதுவா குறைஞ்சது 50 லட்சம் பவுண்டுக்கு கவர் இருக்கணும், இல்லன்னா ஒரு நாளைக்கு 2,500 பவுண்ட் வரைக்கும் அபராதம். இந்தியாவுல ஈஎஸ்ஐ, அதாவது அரசோட தொழிலாளர் காப்பீட்டு திட்டம், பொதுவா 10 பேர் வேலை செய்யற இடத்துல இருந்து ஆரம்பிக்குது, மாச சம்பளம் 21,000 ரூபா வரைக்கும் வாங்கறவங்க அதுக்குள்ள வருவாங்க. அதுக்கு கீழ இருக்கற சின்ன இடங்கள் "நமக்கு ஈஎஸ்ஐ இல்ல, தப்பிச்சோம்"னு நினைக்கறாங்க பாருங்க, அது தப்பு, ஈஎஸ்ஐ கவர் இல்லாத தொழிலாளிக்கு வேலையில அடிபட்டா நஷ்டஈடு குடுக்கற பொறுப்பு நேரா முதலாளி தலையில வந்து உக்காரும். சிங்கப்பூர்ல உடல் உழைப்பு வேலைன்னா சம்பளம் எவ்வளவா இருந்தாலும் எடுக்கணும், மத்த வேலைக்கு மாசம் 2,600 சிங்கப்பூர் டாலர் வரைக்கும் வாங்கறவங்களுக்கு எடுக்கணும். அமெரிக்காவுல மாநிலத்துக்கு மாநிலம் வேற, டெக்சாஸ்ல தனியார் முதலாளி இந்த ஏற்பாட்டுக்குள்ள வராமலே இருக்கலாம், ஆனா அப்படி வெளிய நின்னா தொழிலாளி கேஸ் போடும்போது "அவரும்தான் கவனமா இல்ல"ங்கற மாதிரி வழக்கமான வாதங்கள எல்லாம் வைக்க முடியாது. ஆக, கட்டாயம் இல்லன்னு சட்டம் சொல்ற இடத்துலயும் பொறுப்பு இல்லன்னு அது சொல்லல.

இதுல ரெண்டு இடத்துல சின்ன முதலாளிங்க மாட்டுவாங்க. ஒண்ணு, "அவர் ஸ்டாஃப் இல்லங்க, காண்ட்ராக்ட்ல வர்றவரு"ங்கற பேச்சு. பேப்பர்ல என்ன எழுதியிருந்தாலும், நீங்க சொல்ற நேரத்துக்கு வந்து, நீங்க குடுத்த மெஷின்ல, நீங்க சொல்ற மாதிரியே வேலை செஞ்சு, வேற எங்கயும் வேலை பாக்காதவர பல நாட்டு சட்டம் தொழிலாளியாத்தான் பாக்கும், விபத்து நடந்த அன்னிக்குதான் அந்த கேள்வி வரும், அதுவரைக்கும் யாரும் கேக்க மாட்டாங்க. ரெண்டாவது நீங்களே. ஆமா, முதலாளியான நீங்க. தனி ஆளா நடத்தற தொழில்ல, கூட்டு தொழில்ல, பெரும்பாலான இடத்துல ஓனர் இந்த கவருக்குள்ள தானா வர்றதில்ல, தனியா கேட்டு சேத்தாத்தான் உண்டு, சில இடத்துல சேக்கவே முடியாது. காலைல முதல் ஆளா மெஷின ஆன் பண்றது யாரு, ஏணியில ஏறி போர்டு மாட்டறது யாரு? ஓனர்தான். அவருக்கு மட்டும் கவர் இல்ல.

அடுத்து வண்டி. தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ் பெரும்பாலான நாட்டுல கட்டாயம்னு எல்லாருக்கும் தெரியும், அதுல உங்க வண்டிக்கு ஒண்ணும் கிடைக்காது, இடிபட்டவங்களுக்குத்தான்னும் பாதி பேருக்கு தெரியும். தெரியாதது என்னன்னா சொந்த உபயோகத்துக்குன்னு எடுத்த பாலிசியோட அந்த வண்டியில தினமும் சரக்கு டெலிவரி பண்ணா கம்பெனி கிளைம மறுக்க காரணம் கிடைச்சிடும். ஸ்டாஃப் தன் சொந்த பைக்க எடுத்துட்டு உங்க வேலையா போய் யாரையாவது இடிச்சாலும் உங்கள தேடி வர்ற வாய்ப்பு உண்டு. பைக் உங்களுதே இல்லன்னாலும்.

அபாயகரமான கெமிக்கல் கையாள்றவங்களுக்கு தனி சட்டம் இருக்கும், இந்தியாவுல 1984 போபால் விஷவாயு விபத்துக்கு அப்புறம் 1991ல பொது பொறுப்பு இன்சூரன்ஸ் சட்டம் வந்தது அந்த வகை. சில தொழில்ல லைசன்ஸ் குடுக்கற அமைப்பே இன்சூரன்ஸ் கேக்கும், இங்கிலாந்துல சட்ட ஆலோசனை நிறுவனங்களுக்கு அப்படி இருக்கு. உங்க தொழிலுக்கு லைசன்ஸ் வேணும்னா அந்த விதிமுறைய ஒரு தடவ முழுசா படிச்சிடுங்க, அவ்வளவுதான்.

இப்ப நடுவுல ஒரு வகை இருக்கு, எழுதறவங்க யாரும் இத சரியா பிரிச்சு சொல்றதில்ல. சட்டம் கேக்காது, ஆனா நீங்க கையெழுத்து போட்ட காகிதம் கேக்கும். கடை வாடகை ஒப்பந்தம், பேங்க் லோன், பெரிய கிளையண்ட்டோட காண்ட்ராக்ட், இந்த மூணுலயும் இன்சூரன்ஸ் ஷரத்து இருக்கும், பல பேர் கையெழுத்து போட்ட அன்னிக்கு மட்டும் அந்த பக்கத்த தாண்டி போயிருப்பாங்க.

இதுல பேங்க் விஷயத்த கொஞ்சம் நின்னு பாக்கணும். லோன் குடுக்கும்போது பேங்கே ஒரு பாலிசி போட்டு பிரீமியத்த அக்கவுண்ட்ல இருந்து எடுத்துக்கும், நீங்களும் "இன்சூரன்ஸ் இருக்கு"ன்னு நிம்மதியா இருப்பீங்க. அந்த பாலிசிய ஒரு தடவ வாங்கி பாருங்க. பல சமயம் தொகை லோன் அளவுக்குத்தான் போட்டிருப்பாங்க, சரக்கோட மதிப்புக்கு இல்ல. அடமானமா காட்டின பொருளுக்குத்தான் இருக்கும், அப்புறமா வாங்கின மெஷினுக்கோ புதுசா எடுத்த கோடவுனுக்கோ இருக்காது. கிளைம் வந்தா காசு முதல்ல பேங்குக்குத்தான் போகும், மிச்சம் இருந்தா உங்களுக்கு. சில நேரம் கடைய வேற இடத்துக்கு மாத்தி ரெண்டு வருஷம் ஆயிருக்கும், பாலிசில பழைய விலாசமே ஓடிட்டு இருக்கும். பேங்க் எடுத்தது பேங்குக்காக, அது அவங்க வேலை, அதுல குத்தம் சொல்ல ஒண்ணும் இல்ல, ஆனா அத உங்க பாதுகாப்புன்னு நம்பாதீங்க.

கிளையண்ட் கேக்கறதும் அப்படித்தான், "ஒரு கோடிக்கு லயபிலிட்டி கவர் சர்டிபிகேட் அனுப்புங்க"ன்னு மெயில் வரும் (உங்களால அடுத்தவங்களுக்கு வர்ற நஷ்டத்துக்கான கவர் அது), ஏஜென்ட்கிட்ட சொல்லி ஒரு பக்க சர்டிபிகேட் வாங்கி அனுப்பிட்டு மறந்துடுவாங்க. அந்த ஒரு பக்கம் பாலிசி கிடையாது. பாலிசிக்குள்ள நீங்க செய்யற அதே வேலைய எக்ஸ்க்ளூஷன்ல போட்டு வெளிய தள்ளியிருந்தாலும் சர்டிபிகேட்ல அது தெரியாது. வெல்டிங் வேலை பண்றவர் பாலிசில "வெப்பம் சம்பந்தப்பட்ட வேலை நீங்கலாக"ன்னு இருந்தா என்ன பண்றது சொல்லுங்க.

சரி, இப்ப விருப்பம்னு சொல்ற பக்கத்துக்கு வருவோம். உங்க தொழில் பிழைக்குமா இல்லையாங்கறது இங்கதான் இருக்கு.

முதல்ல சொத்துக்கான கவர், சாதாரணமா ஃபயர் பாலிசின்னு சொல்றது. தீ மட்டும் இல்ல, இடி, வெடிப்பு, புயல், வெள்ளம், கலவரம்னு எது எது உள்ள இருக்குங்கறது நாட்டுக்கும் கம்பெனிக்கும் ஏத்த மாதிரி மாறும். அமெரிக்காவுல சாதாரண கமர்ஷியல் சொத்து பாலிசில வெள்ளம் பொதுவா கிடையாது, தனியா எடுக்கணும். பல இடத்துல நிலநடுக்கம் ஆட்-ஆன், தனியா காசு கட்டி சேக்கணும். அதனால "ஃபயர் எடுத்துட்டேன்"னு சொல்றத விட உங்க இடத்துல எது நடக்க வாய்ப்பு அதிகமோ அது அந்த லிஸ்ட்ல இருக்கான்னு விரல் வெச்சு தேடறது முக்கியம், தாழ்வான இடத்துல கோடவுன் வெச்சிருக்கறவருக்கு வெள்ளம், பழைய வயரிங் இருக்கற கட்டடத்துல இருக்கறவருக்கு மின் கசிவு.

இங்கதான் எல்லாரும் வழுக்கி விழற ஒரு ஷரத்து இருக்கு, ஆவரேஜ் கிளாஸ்னு சொல்லுவாங்க. பிரீமியம் குறையணும்னு 20 லட்சம் மதிப்புள்ள சரக்குக்கு 10 லட்சத்துக்கு மட்டும் பாலிசி எடுக்கறீங்கன்னு வெச்சுக்குங்க, முழுசா எரியவா போகுது, எரிஞ்சா பாதிதான் எரியும், 10 லட்சம் போதும்னு ஒரு கணக்கு. ஒரு நாள் 6 லட்சத்துக்கு சேதம். 10 லட்சத்துக்கு உள்ளதானே, 6 லட்சம் முழுசா வரும்னு நினைப்பீங்க. சேதத்த மதிப்பிட கம்பெனி அனுப்பற சர்வேயர் வந்து மொத்த சரக்கு மதிப்ப கணக்கு போடுவாரு, 20ல 10க்குத்தான் இன்சூர் பண்ணியிருக்கீங்க, மீதி பாதிக்கு நீங்களே இன்சூரர், அதனால சேதத்துலயும் பாதி உங்களோடது, இந்தாங்க 3 லட்சம்னு எழுதுவாரு. ஏமாத்து வேலை இல்ல இது, பாலிசில எழுதியிருக்கு, சட்டப்படியும் செல்லும். சில பாலிசில கொஞ்சம் குறைஞ்சிருந்தா பரவாயில்லன்னு விட்டுடுவாங்க, இந்தியாவுல 2021 ஏப்ரல்ல இருந்து சின்ன நிறுவனங்களுக்கு வந்த பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா பாலிசில 15 சதவீதம் வரைக்கும் குறைவா இருந்தா வெட்ட மாட்டாங்க. அதுக்கு மேல போனா அதே வெட்டுதான்.

இன்னொண்ணு, எந்த மதிப்புல இன்சூர் பண்றீங்கன்னு ஒரு கேள்வி இருக்கு. எட்டு வருஷம் ஓடின மெஷினுக்கு மார்க்கெட் மதிப்புல எடுத்தா தேய்மானம் கழிச்சு வர்ற காசுல புது மெஷினோட பாதி கூட வாங்க முடியாது, பழைய மெஷின் அதே கண்டிஷன்ல கிடைக்கவும் கிடைக்காது. புதுசா வாங்கற விலைக்கு எடுத்தா பிரீமியம் கொஞ்சம் கூடும், ஆனா மறுபடியும் ஓட ஆரம்பிக்கலாம். மெஷினுக்கும் கட்டடத்துக்கும் எப்பவுமே புதுசு வாங்கற விலைன்னுதான் நான் சொல்லுவேன், சரக்குக்கு அது பொருந்தாது, அதுக்கு அடக்க விலைதான். சீசன் நேரத்துல சரக்கு ரெண்டு மடங்கு ஆகறவங்க அந்த உச்ச அளவ மனசுல வெச்சு தொகை போடணும், இல்லன்னா அப்பப்ப ஸ்டாக் அளவ தெரிவிக்கற மாதிரி பாலிசி இருக்கான்னு கேக்கணும்.

திருட்டு பாலிசி பத்தி ஒரு வரி. பெரும்பாலும் பூட்ட உடைச்சு, பலவந்தமா உள்ள வந்ததுக்கு அடையாளம் வேணும்னு கேப்பாங்க. கூட வேலை செய்யறவரே தினமும் கொஞ்சம் கொஞ்சமா எடுத்தா அதுல வராது, அதுக்கு ஃபிடலிட்டின்னு தனி கவர். ஸ்டாக் எண்ணிப் பாக்கும்போது குறையுது, எப்படின்னு தெரியல, இதுக்கு எந்த பாலிசியும் பொதுவா காசு குடுக்காது.

இப்ப எனக்கு ரொம்ப முக்கியமா படற ஒண்ணு, வியாபாரம் நின்னு போறதுக்கான கவர். பிசினஸ் இன்டரப்ஷன்னு சொல்லுவாங்க, சின்ன தொழில் பண்றவங்க நிறைய பேர் எடுக்கறதே இல்ல. எரிஞ்ச சரக்குக்கு காசு வந்துடுச்சு, சரி, ஆனா கடைய மறுபடி கட்டி திறக்கற வரைக்கும் வாடகை யார் குடுப்பா, இஎம்ஐ யார் கட்டுவா, நல்ல வேலைக்காரங்கள சம்பளம் இல்லாம எத்தன மாசம் புடிச்சு வெக்க முடியும்? விபத்துக்கு அப்புறம் தொழில் மூடற பல இடத்துல எரிஞ்ச பொருளால மூடறதில்ல, இந்த இடைவெளியாலதான். இந்த கவர் போன லாபத்தையும், வியாபாரம் நின்னாலும் நிக்காத செலவையும் குடுக்கும், பாலிசில எழுதின காலம் வரைக்கும்.

அந்த காலம்தான் விஷயம். ஆறு மாசம் போதும்னு எடுப்பாங்க. கணக்கு போட்டு பாருங்க, சர்வே முடியணும், இடிபாட அள்ளணும், கட்ட அனுமதி வாங்கணும், கட்டணும், மெஷின் ஆர்டர் குடுத்தா வெளியூர்ல இருந்து வர அதுவே சில மாசம், எல்லாம் முடிஞ்சு கடைய திறந்தா பழைய கஸ்டமர் அதுக்குள்ள வேற இடத்துக்கு பழகியிருப்பாரு, அவர திரும்ப கூட்டிட்டு வரவும் காலம் வேணும். 12 மாசத்துக்கு கீழ எடுக்கறது பெரும்பாலான தொழிலுக்கு பத்தாதுங்கறது என் கருத்து.

இதுல ரெண்டு நிபந்தனை தெரிஞ்சுக்கணும். முதல் நிபந்தனை, சாதாரணமா சொத்துக்கு கண்ணால பாக்கற சேதம் நடந்து அதனால வியாபாரம் நின்னாத்தான் காசு. 2020ல கொரோனாவுக்கு கடைங்கள மூட சொன்னப்ப உலகம் முழுக்க இந்த சண்டைதான் நடந்துச்சு, கடை அப்படியே இருக்கு, ஒரு கண்ணாடி கூட உடையல, அதனால கிளைம் இல்லன்னு பல கம்பெனிங்க சொன்னாங்க. பிரிட்டன்ல அது சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போய் 2021 ஜனவரியில தீர்ப்பு வந்துச்சு, நோய் பரவல், அரசு உத்தரவால இடத்த உபயோகிக்க முடியாம போறதுன்னு தனி ஷரத்து இருந்த பாலிசிக்காரங்களுக்கு பெரும்பாலும் சாதகமா. அந்த ஷரத்து இல்லாதவங்களுக்கு அந்த தீர்ப்புல ஒண்ணும் இல்ல. கூடுதலா எழுதின ரெண்டு வரிதான் காசு வந்தவருக்கும் வராதவருக்கும் வித்தியாசம்.

அடுத்த நிபந்தனைய யாரும் சத்தமா சொல்றதில்ல. போன லாபத்த குடுக்கணும்னா போன வருஷ லாபம் எவ்வளவுன்னு கேப்பாங்க, அதுக்கு ஆதாரம் உங்க கணக்கு புத்தகம், வரி தாக்கல். பில் போடாம பாதி வியாபாரம் பண்ணிட்டு, வரிக்காக லாபத்த குறைச்சு காட்டிட்டு, கிளைம் அன்னிக்கு "நிஜத்துல இதுக்கு மூணு மடங்குங்க"ன்னு சொன்னா சிரிப்பாங்க. காகிதத்துல இருக்கற லாபத்துக்குத்தான் காசு வரும்.

அடுத்து லயபிலிட்டி. இதுல மூணு வகைய குழப்பிக்கறாங்க. கடைக்கு வந்தவர் ஈரத்தரையில வழுக்கி விழுந்து இடுப்ப உடைச்சுக்கறது பொது பொறுப்பு. நீங்க வித்த பொருள் அவர் வீட்டுல வெடிக்கறது பொருள் பொறுப்பு. நீங்க போட்ட டிசைன், குடுத்த ஆலோசனை, எழுதின சாஃப்ட்வேர் தப்பா போய் அவருக்கு பண நஷ்டம் வர்றது தொழில்முறை பொறுப்பு. ஒண்ணு எடுத்தா மத்தது வராது. "நான் தயாரிக்கலயே, வாங்கி விக்கறேன்"னு சொல்றவங்க கவனிங்க, பல நாட்டுல வித்தவரையும் சேத்துத்தான் கேஸ் போடுவாங்க, அதுலயும் வெளிநாட்டுல இருந்து நீங்களே இறக்குமதி பண்ணியிருந்தா தயாரிச்சவர பிடிக்க முடியாம உங்களத்தான் பிடிப்பாங்க.

தொழில்முறை பாலிசில ஒரு நுணுக்கம் இருக்கு, அது புரியாம நிறைய பேர் காசும் கட்டி கவரும் இல்லாம நிப்பாங்க. ஃபயர் பாலிசில சம்பவம் நடந்த அன்னிக்கு பாலிசி இருந்தா போதும். தொழில்முறை பாலிசி பெரும்பாலும் அப்படி இல்ல, உங்க மேல புகார் வர்ற அன்னிக்கு பாலிசி உயிரோட இருக்கணும். நீங்க இந்த வருஷம் ஒரு கட்டடத்துக்கு டிசைன் போட்டீங்க, பாலிசி இருந்துச்சு, மூணு வருஷம் கழிச்சு விரிசல் விட்டு கேஸ் வருது, அதுக்குள்ள நீங்க தொழில விட்டுட்டீங்க, பாலிசியும் ரினியூ பண்ணல, அவ்வளவுதான், ஒண்ணும் கிடைக்காது. அதே மாதிரி எந்த தேதிக்கு அப்புறம் செஞ்ச வேலைக்கு கவர்னு ஒரு பழைய தேதி பாலிசில இருக்கும், கம்பெனி மாத்தும்போது ஆசைப்பட்டு குறைஞ்ச பிரீமியத்துக்கு போனா புதுக் கம்பெனி அந்த தேதிய இன்னிக்குன்னு போட்டுடும், அப்ப அதுக்கு முன்னாடி செஞ்ச அத்தன வேலையும் அம்போ. கம்பெனி மாறுங்க, அந்த தேதிய மட்டும் விட்டுடாதீங்க. தொழில மூடினாலும் சில வருஷத்துக்கு நீட்டிப்பு கவர் கிடைக்குமான்னு கேளுங்க.

கம்ப்யூட்டர், நெட் வழியா நடக்கற தாக்குதலுக்கான சைபர் கவர் பத்தி இப்ப எல்லா ஏஜென்ட்டும் பேசறாங்க. கஸ்டமர் விவரம், கார்டு விவரம்லாம் சேத்து வெச்சிருக்கற தொழிலுக்கு தேவைதான். ஆனா சின்ன தொழில்ல நான் கேள்விப்படற நஷ்டம் பெரும்பாலும் ஹேக்கிங் இல்ல, சப்ளையர் பேர்ல ஒரு மெயில் வரும், "எங்க பேங்க் அக்கவுண்ட் மாறிடுச்சு, இனிமே இதுக்கு அனுப்புங்க"ன்னு, நம்ம ஆளே நல்ல மனசோட அனுப்பிடுவாரு. பல சைபர் பாலிசில இதுக்கு கவர் இருக்காது, இருந்தாலும் தனியா ஒரு சின்ன வரம்பு போட்டிருப்பாங்க, எடுக்கறதுக்கு முன்னாடி இந்த ஒண்ண மட்டுமாவது கேட்டுக்குங்க. மத்தபடி போன் பண்ணி உறுதி பண்ணாம அக்கவுண்ட் நம்பர் மாத்த கூடாதுன்னு ஆபீஸ்ல ஒரு விதி வெச்சா அதுக்கு பிரீமியம் கிடையாது.

பார்ட்னரோட நடத்தறவங்க ஒருத்தர் இறந்தா அவர் பங்க அவங்க குடும்பத்துகிட்ட இருந்து வாங்க காசு எங்க இருந்து வரும்னு யோசிச்சு வெச்சுக்கணும், ரெண்டு பேர் மேலயும் ஆயுள் காப்பீடு எடுத்து, ஒப்பந்தத்துலயும் எழுதி வெக்கறது ஒரு வழி. தனி ஆளா நடத்தறவங்களுக்கு இத விட முக்கியம் நான் மேல சொன்ன ஓனருக்கு கவர் இல்லாத விஷயம்தான், அதுக்கு அடிபட்டு ஆறு மாசம் படுத்தா வருமானம் தர்ற ஒரு கவர், நல்ல ஹெல்த் இன்சூரன்ஸ்.

இதெல்லாம் எடுத்தா பிரீமியத்துக்கே தொழில் பண்ணணும்னு தோணும், நியாயம்தான். நான் பாக்கற விதம் இது. ஒவ்வொரு ஆபத்தையும் எடுத்து, இது நடந்தா தொழில மூடணுமா, இல்ல ரெண்டு மூணு மாசம் பல்ல கடிச்சு சமாளிக்கலாமான்னு மட்டும் கேளுங்க. எவ்வளவு அடிக்கடி நடக்கும்னு கேக்காதீங்க, ஏன்னா அடிக்கடி நடக்கறதெல்லாம் சின்ன விஷயம், கண்ணாடி உடையறது, லேப்டாப் கீழ விழறது, அதுக்கெல்லாம் இன்சூரன்ஸ் எடுத்தா வருஷக் கணக்குல பாத்தா நீங்கதான் கம்பெனிக்கு காசு குடுத்துட்டு இருப்பீங்க. சின்னத கையில இருந்து கட்டிக்குங்க, கிளைம்ல முதல் இவ்வளவு நான் ஏத்துக்கறேன்னு சொல்ற எக்ஸஸ் தொகைய தாங்கற அளவுக்கு ஏத்துங்க, பிரீமியம் குறையும், அந்த மிச்சத்த வெச்சு பெரிய ஆபத்துக்கு முழு மதிப்புல எடுங்க. நாட்டுல முக்கால்வாசி பேர் இத தலைகீழா பண்றாங்க, போனுக்கு இன்சூரன்ஸ் இருக்கு, கோடவுனுக்கு இல்ல.

எடுக்கும்போது படிவத்த நீங்களே நிரப்புங்க. ஏஜென்ட் நல்லவராவே இருக்கட்டும், வேகத்துல அவர் "தீப்பிடிக்கற பொருள் இருக்கா"ங்கற கேள்விக்கு இல்லன்னு டிக் போட்டா கையெழுத்து உங்களோடது. ஏஜென்ட் கம்பெனியோட ஆளு, புரோக்கர் சட்டப்படி வாங்கறவரோட ஆளு, கொஞ்சம் சிக்கலான தொழிலா இருந்தா புரோக்கர்கிட்ட போறது நல்லது. மறைக்காம சொல்லணுங்கற இந்த கடமை ரொம்ப பழசு, 1766ல லார்ட் மான்ஸ்ஃபீல்ட்ங்கற இங்கிலாந்து நீதிபதி ஒரு வழக்குல இத தெளிவா எழுதினாரு, சுமத்ரா தீவுல இருந்த ஒரு கோட்டைய பிரெஞ்சுக்காரங்க புடிச்சதுக்கு அந்த கோட்டை கவர்னர் கிளைம் கேட்ட வழக்கு. இதுல வேடிக்கை என்னன்னா அந்த வழக்குல தோத்தது இன்சூரர்தான், அவருக்கும் தெரிஞ்சிருக்க வேண்டிய விஷயத்த சொல்லலன்னு சாக்கு சொல்ல கூடாதுன்னு ஆயிடுச்சு. ஆனா கடமை மட்டும் இன்னிக்கும் நம்ம தலையில இருக்கு. நடு வருஷத்துல புது மெஷின் வாங்கினா, மேல் மாடிய வாடகைக்கு எடுத்தா, தொழில்ல புதுசா ஒரு வேலை சேத்தா ஒரு மெயில் போட்டுடுங்க, வாயால சொன்னது கணக்குல வராது.

ஏதாவது நடந்துட்டா அன்னிக்கே தெரிவிக்கணும், சேதம் மேல பரவாம தடுக்கறத தவிர சர்வேயர் வர்றதுக்கு முன்னாடி எதையும் அள்ளிப் போட கூடாது, அவசரமா எதையாவது நகத்தித்தான் ஆகணும்னா முதல்ல போட்டோவும் வீடியோவும் எடுத்துக்குங்க. ஸ்டாக் ரிஜிஸ்டர், வாங்கின பில், மெஷின் சீரியல் நம்பர் இதோட காப்பி கடைக்கு வெளிய, ஆன்லைன்லயோ வீட்டுலயோ ஒண்ணு இருக்கணும். எரிஞ்ச கோடவுனுக்கு ஆதாரம் அந்த கோடவுன்லயே எரிஞ்சு போனா சர்வேயர்கிட்ட காட்ட உங்க கையில ஒண்ணும் இருக்காது, அவரும் தெரிஞ்சத வெச்சுத்தான் எழுதுவாரு.